கடைசி பெஞ்சில் ஒரு மைக்

கணக்கு வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது அவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரியும். யார் என்ன சொன்னாலும் முகவாயை லேசாகத் தூக்கி, "திரும்பச் சொல்லு" என்பார். இரண்டாம் முறையும் பிடிபடாவிட்டால், "சரி, உட்காரு" என்று விட்டுவிடுவார். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'திரும்பச்சொல்லு'. வாட்ச்மேன்கூட அவர் சைக்கிள் வாசலில் திரும்பும்போது, "திரும்பச்சொல்லு வராரு" என்றுதான் மணியைப் பார்ப்பார்.

காது போக ஆரம்பித்தது நாற்பத்தெட்டு வயதில். முதலில் இடது காது, அடுத்த வருடமே வலதும். நரம்பு தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். காதில் மாட்டும் கருவி ஒன்றை வாங்கி மூன்று மாதம் போட்டுப் பார்த்தார். பேச்சு கேட்கவில்லை, இரைச்சல்தான் கேட்டது. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினது போல மண்டைக்குள் ஒரே அமளி. கழற்றி அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

பள்ளியில் வாயே திறக்கவில்லை. காது கேட்காத வாத்தியாரிடம் எந்தத் தலைமையாசிரியை வகுப்பைக் கொடுப்பார்? இருபத்து நாலு வருடமாகச் செய்த ஒரே வேலை அது. வேறு எதுவும் அவருக்குத் தெரியாது, வேறு எதுவும் வேண்டியதும் இல்லை. ஆகவே சமாளித்தார். கரும்பலகையை மூலையிலிருந்து மூலைவரை எழுதி நிரப்பினார். கேள்வி கேட்பதைக் குறைத்தார். சந்தேகம் என்று கை தூக்கினால், "நோட்டுல எழுதிக் கொண்டா" என்றார். மணி அடிப்பது தெரியாததால் சுவர்க்கடிகாரத்தின் மேல் ஒரு கண் எப்போதும் இருந்தது.

ஒருநாள் ஒரு பையன் எழுந்து விடை சொன்னான். உதட்டசைவை வைத்து 'நாற்பது' என்று நினைத்து, "சபாஷ்" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் அவரும் சேர்ந்து சிரித்து வைத்தார். மாலையில் அவன் நோட்டைத் திருத்தும்போதுதான் பார்த்தார், பதினாலு என்று எழுதியிருந்தான்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க ஆச்சு?" என்றார் மனைவி. மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவர். கணவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தியே அவர் குரல் இரண்டு மடங்காகியிருந்தது. கடையிலும் அதே குரல்தான் வந்தது. இருமல் மருந்து கேட்டு வந்தவர் அரண்டுபோய்த் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனார் என்று முதலாளி கேலி செய்வாராம்.

"தப்பான விடைக்குச் சபாஷ் போட்டேன்."

"அவ்வளவுதானே? நாளைக்குக் கூப்பிட்டுச் சரியா சொல்லிக் குடுங்க."

"அவனுக்குச் சொல்லிக் குடுத்துடலாம். இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இப்படிப் போட்டிருப்பேன்னு யாருக்குத் தெரியும்?"

மனைவி குனிந்து அவர் செருப்பைக் கழற்றி வாசலில் கொண்டுபோய் வைத்தார். ஆறுதல் சொன்னால் அக்கம்பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். அவர்கள் வீட்டில் ரகசியம் பேச முடியாமல் போய் வருடக்கணக்காகியிருந்தது.

இப்படி ஐந்து வருடம் ஓட்டினார். ஆறாவது வருடம் பள்ளியில் எல்லா வகுப்பறையிலும் பெரிய திரை மாட்டினார்கள். திரையோடு ஒவ்வொரு பெஞ்சு வரிசைக்கும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மைக், ஆசிரியர் மேசைக்குச் சிலேட்டு அளவில் ஒரு டேப். உடம்பு சரியில்லாமல் வராத பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடத்தைக் கேட்கலாம், படிக்கலாம், ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் பாடம் எழுத்தாகவே பெற்றோர் போனுக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியை கூட்டம் போட்டு விளக்கினார். கணக்கு வாத்தியார் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாரும் தலையாட்டும்போது தானும் ஆட்டினார். சீட்டைக் கிழிக்கத்தான் இதெல்லாம் வருகிறது என்று உள்ளுக்குள் தோன்றியது.

மைக் பொருத்திய அன்று அவர் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் வந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடமான இளம் பெண். ஒயரைச் செருகிக்கொண்டே வாத்தியார் பாடம் நடத்துவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பு கலைந்ததும் அருகில் வந்து, ஒன்றும் பேசாமல் டேப்பில் எதையோ தட்டி, அவர் பக்கம் திருப்பி வைத்தார். அப்புறம் வாயைத் திறந்தார். அவர் பேசப் பேச, டேப்பில் எழுத்து ஓடியது.

'சார் இதுல கிளாஸ்ல யார் பேசினாலும் இப்படி எழுத்தா வரும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறை படித்தார்.

"ஒரே ஒரு விஷயம் சார்," என்று டீச்சர் டேப்பின் கீழ் ஓரத்தில் இருந்த ஒரு பொத்தானைக் காட்டினார். "பசங்க பேசறது தெரியணும்னா இத ஆன் பண்ணணும். ஆனா பீரியட் முடியறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுங்க. அப்பதான் பேரன்ட்ஸுக்கு உங்க பேச்சு மட்டும் போகும். மறந்தா பசங்க பேசினதும் சேர்ந்து போயிடும்."

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்து பொத்தானை அமுக்கினார். முதலில் வந்த வரியே 'டேய் திரும்பச்சொல்லு வந்துட்டாருடா' என்பதுதான். அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த இரண்டு வருடம் போல அவர் என்றைக்குமே பாடம் நடத்தியதில்லை. கேள்விகள் திரும்ப வந்தன. யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பிடிபட்டது. இயந்திரம் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிடவும் இல்லை. 'வகுத்தா மீதி வராது' என்பதை 'வறுத்தா மீதி வராது' என்று எழுதும். முக்கோணத்தை 'மூக்கு கோணம்' ஆக்கும். அதையெல்லாம் அவர் வகுப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் படுத்த ஒரு பையன், வீட்டிலிருந்தே எல்லாப் பாடத்தையும் படித்துப் பரீட்சையில் எழுபது வாங்கினான். அவன் அப்பா நேரில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர் பேசியது ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, ஆனால் விஷயம் தெரிந்தது.

மனைவியிடம் சொன்னார்: "ரிட்டயர் ஆகற வரைக்கும் இது போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்."

இரண்டாம் வருட நடுவில் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். ஒல்லியான பிள்ளை. தலை எப்போதும் ஈரம் காயாமல் பின்னியிருக்கும். சட்டையிலும் பாவாடையிலும் மடிப்பு கத்தி போல நிற்கும். தலைமையாசிரியை பிரார்த்தனைக் கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்தி, "யூனிஃபார்ம்னா இப்படி இருக்கணும்" என்று காட்டினார். அன்றிலிருந்து பிள்ளைகள் அவளை 'இஸ்திரி' என்று கூப்பிட்டார்கள். அவள் கடைசி பெஞ்சில், சுவர் ஓரமாக உட்காருவாள்.

அவளுக்குக் குரலே கிடையாது என்று மற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள். எழுப்பிக் கேட்டால் உதடு அசையும், சத்தம் வராது. நல்ல காது உள்ளவர்களுக்கே கேட்காத குரல். ஆனால் பெஞ்சின் நுனியில் இருந்த மைக்குக்குக் கேட்டது. கணக்கு வாத்தியார் பலகையில் கணக்கைப் போட்டு முடிக்குமுன் டேப்பில் கடைசி வரிசையிலிருந்து ஒரு எண் வந்து நிற்கும். 'முப்பத்தாறு'. 'ரெண்டே கால்'. 'அதுக்கு விடை கிடையாது'. அவள் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வது அது.

முதல் தடவை அவர் யாரையும் பார்க்காமல், "கடைசி வரிசையில யாரோ முப்பத்தாறுன்னு சொன்னீங்க. சரிதான்" என்றார். அவள் திடுக்கிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

நாளாக ஆக, அவள் அந்த மைக்குக்குப் பழகிவிட்டாள். வேண்டுமென்றே அதன் பக்கம் குனிந்து, "சார், மூணாவது வரில கூட்டல் தப்பு" என்பாள். அவர் பலகையைப் பார்த்துத் தலையில் தட்டிக்கொண்டு திருத்துவார். வகுப்பில் வேறு யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. எப்படி இவருக்கு மட்டும் கேட்கிறது என்று பிள்ளைகளுக்கு ஆச்சரியம்.

"திரும்பச்சொல்லுக்கு இஸ்திரி சொல்றது மட்டும் கேக்குதுடா," என்றான் ஒருவன். அதையும் டேப் எழுதியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார். வழியில் நினைவு வந்தபோது பாதித் தூரம் வந்தாகிவிட்டது. திரும்பினால் முதல் பீரியட்டுக்கு நேரமாகிவிடும். டேப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தது. கொஞ்சம் யோசித்தார். பெரிய திரையில் போட்டால் கண்ணாடி இல்லாமலே படித்துவிடலாம். பிள்ளைகளுக்கும் வேடிக்கையாக இருக்கும். ஒரு நாள்தானே என்று நினைத்து, டேப்பின் ஒயரைத் திரையில் செருகினார்.

முதலில் பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். பேசுவது திரையில் எழுத்தாக வருவதைப் பார்த்து ஆளாளுக்குப் பெயரைச் சொன்னார்கள், பூனை மாதிரிக் கத்தினார்கள். பத்து நிமிடத்தில் சலித்துப்போய் அடங்கினார்கள். அவர் பக்கவாட்டுப் பலகையில் செவ்வகத்தின் பரப்பளவை எழுத ஆரம்பித்தார். சுவரோரம் இருந்த அவளுக்குத் தூண் மறைத்ததால் திரை பாதிதான் தெரியும். பக்கத்தில் இருந்த தோழி அவளிடம் எதையோ கேட்டாள். இருவரும் மைக்கை மறந்து தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டார்கள். மைக்குக்கும் அவர்கள் வாய்க்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

கணக்கு வாத்தியார் எழுதி முடித்துத் திரும்பினார். நாற்பது முகங்களும் அவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் இருவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் அவள் எழுந்து நின்று, தூணுக்கு இந்தப் பக்கம் கழுத்தை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவரும் திரும்பிப் படித்தார்.

'நாளைக்கு உங்க வீட்டுக்கு வரட்டுமா'

'வராத'

'ஏன்'

'எங்களுக்கு வீடு இல்ல அம்மா வேலை பாக்கற லாண்டரிலதான் தூங்கறோம் முதலாளிக்குத் தெரியாது யார்கிட்டயும் சொல்லாத'

அன்றைக்கு இயந்திரம் ஒரு எழுத்துகூடத் தப்பாக எழுதவில்லை.

அவர் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். திரை கறுத்துப்போனது. ஒருவன் எதையோ சொன்னான், அவனைச் சுற்றிச் சிரித்தார்கள். அவருக்கு அது கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அவளுக்குத்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து கதவு வழியாக வெளியே போனாள். "நில்லும்மா," என்றார். அவள் நிற்கவில்லை.

ஆசிரியர் அறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பொத்தான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட மறக்காதது. பீரியட் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. டம்ளரை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார்.

"அழிச்சிடு டீச்சர், அழிச்சிடு. ஏழாம் வகுப்பு. முதல் பீரியட்."

டீச்சர் கேள்வி கேட்காமல் தட்டினார். அழித்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 'பதினோரு பேர் ஏற்கெனவே திறந்து பாத்துட்டாங்க சார்.'

அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. ஒரு பையனின் அப்பா அன்று மாலை வழக்கம் போல லாண்டரிக்குச் சட்டைகளை வாங்கப் போனார். "என்ன முதலாளி, ரூம் வாடகைக்கு விடறீங்களாமே?" என்று தமாஷாகத்தான் கேட்டார். போனில் வந்ததை அவர் பாதிதான் படித்திருந்தார், முதலாளிக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நாலு மணிக்கு மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் லாண்டரியைத் தேடிப் போனார். சின்னக் கடை. முன்னால் கவுண்டர், பின்னால் துவைக்கும் இயந்திரங்கள், அதற்கும் பின்னால் இஸ்திரி மேசைகள். வெக்கை முகத்தில் அடித்தது. முதலாளி வயதானவர். இவர் யாரென்று தெரிந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கணக்கு வாத்தியார் போனை எடுத்து, பேச்சை எழுத்தாக்கும் செயலியைத் திறந்து மேசை மேல் வைத்தார்.

"காலையிலயே போயிட்டாங்க சார். நான் ஒண்ணும் கழுத்தப் புடிச்சுத் தள்ளல. இங்க பாய்லர் இருக்கு, கரன்ட் பெட்டி இருக்கு. நெருப்பு புடிச்சா பூட்டின கடைக்குள்ள அம்மாவும் பொண்ணும்... நெனச்சுப் பாருங்க. நேத்து ராத்திரி முழுக்க நான் கண்ண மூடல. வேலைக்கு வா, தங்கறதுக்கு வேற எடம் பாருன்னுதான் சொன்னேன். அந்தம்மா அழல, சண்டையும் போடல. சாவிய வச்சிட்டுப் போயிட்டாங்க."

"எங்க போறேன்னு சொன்னாங்களா?"

முதலாளி பதில் சொல்ல வாயெடுத்தவர், மேசை மேல் இருந்த போனில் தன் வார்த்தைகள் ஓடுவதைப் பார்த்தார். "இது பதிவாகுதா?" என்றார். இவர் அவசரமாக, "இல்ல, இல்ல, எனக்குக் காது..." என்று சொல்லத் தொடங்குமுன் முதலாளி எழுந்துவிட்டார். அதற்கப்புறம் வெறும் தலையாட்டல்தான்.

போகுமுன் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இஸ்திரி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. ஆறடிக்கு மூன்றடி இருக்கும். ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் மடக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்திலிருந்து வந்துதான் ஒரு பிள்ளை தினமும் அவருடைய கூட்டல் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை தலைமையாசிரியை பெற்றோர் கூட்டம் போட்டார். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, மைக்கை எல்லாம் உடனே பிடுங்க வேண்டும், நாளைக்கு என் பிள்ளை பேசுவதும் ஊர் முழுக்கப் போகும் என்றார். காமாலைப் பையனின் அப்பா எழுந்தார். "இது இல்லன்னா என் பையன் ஒரு வருஷம் பின்தங்கியிருப்பான். கத்தி கைய அறுத்துச்சுன்னு யாரும் சமையல நிறுத்தறதில்லயே," என்றார். "அறுபட்டது உங்க பையன் கை இல்லயே," என்றார் அந்த அம்மா. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேடையில் தலைமையாசிரியை தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"பசங்க பேச்ச எதுக்கு சார் திரையில போட்டீங்க?" என்று யாரோ கேட்டார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் கேள்வியை எழுதி அவரிடம் நீட்டினார்.

அவர் எழுந்து நின்றார். "எனக்குக் காது கேக்காது. ஏழு வருஷமா கேக்காது. இங்க யாருக்கும் சொல்லல. இந்த மெஷின் வந்த பிறகுதான் உங்க பிள்ளைங்க பேசறது எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்குக் கண்ணாடி மறந்துட்டேன். அதான் பெரிசாப் போட்டேன். பொத்தான அமுக்க மறந்ததும் நான்தான். டீச்சர் பலமுறை சொல்லியிருக்காங்க. தப்பு என்னோடது."

ஒருவர், "அப்ப மெஷின் வர்றதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் எப்படிப் பாடம் எடுத்தீங்க?" என்று கேட்டார். அதையும் டீச்சர் எழுதிக் காட்டினார், எழுதும்போது அவர் கண் கலங்கியிருந்தது. கணக்கு வாத்தியார் அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசியில் ஒரு முடிவு செய்தார்கள். ஆசிரியர் மைக் இருக்கும், பிள்ளைகளின் மைக்குகளை எடுத்துவிடுவது. எல்லாருக்கும் திருப்தி. தலைமையாசிரியை அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, "முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏதாவது ஏற்பாடு செஞ்சிருப்பேனே சார். இப்பவும் உங்களுக்கு மட்டும் ஒண்ணு ரெண்டு மைக் விட்டு வைக்கலாம்," என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"வேண்டாம் மேடம்," என்றார் அவர். "அத ஆன் பண்ண எனக்குக் கை வராது."

மைக் இல்லாமல் ஒரு மாதம் நடத்திப் பார்த்தார். பிள்ளைகளுக்கு இப்போது அவர் காது தெரியும். பாவம் என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்கள். யாரும் 'திரும்பச்சொல்லு' என்று சொல்வதில்லை என்று கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னார். அந்த மரியாதைதான் அவருக்குத் தாங்கவில்லை. ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார்.

நாலு மாதம் கழித்துக் கம்ப்யூட்டர் டீச்சரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. அந்தப் பெண்ணின் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று பள்ளியின் பெயரையும் அனுப்பியிருந்தார். அவர் போனை மனைவியிடம் நீட்டினார்.

"போயிட்டு வாங்க," என்றார் மனைவி.

"போய் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாட்டிப் போகுது. போகாம இருந்தா நீங்க தேய்ஞ்சு போயிடுவீங்க."

ஆறு மணி நேரப் பயணம். போனில் இருந்த அந்தச் செயலியை முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தார். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொண்டார். பள்ளி வாசலில் விடும் நேரத்துக்குப் போய் நின்றார். கேட்டுக்கு எதிரே மரத்தடியில் ஒரு பெண் காத்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவளுடைய அம்மா என்று தெரிந்துவிட்டது.

தான் யாரென்று சொன்னார். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்து வந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்தார். அம்மா திட்டவில்லை. ஏதோ மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கேக்காதும்மா. இதுல எழுதுங்க," என்று நோட்டை நீட்டினார்.

அம்மாவுக்கு எழுதிப் பழக்கம் குறைவு. நோட்டை மரத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'இங்க ஒரு ஆஸ்டல்ல வேல. தங்க எடம் குடுத்திருக்காங்க. சொல்லிட்டுதான் தங்கறோம். நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும் சார். ஆனா அவ பேச்ச நிறுத்திட்டா. ஸ்கூல்ல ஒரு வார்த்த பேசறதில்ல.'

பிள்ளைகள் வெளியே வர ஆரம்பித்தார்கள். கடைசியில் அவள் வந்தாள். கொஞ்சம் உயரமாகியிருந்தாள். சட்டை கசங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அம்மா கை காட்டிய பிறகுதான் அருகில் வந்தாள்.

"என்னை மன்னிச்சிடும்மா," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை. வாய் திறக்கவே இல்லை.

"கணக்கு எப்படிப் போகுது? இங்க வாத்தியார் நல்லா நடத்தறாரா?"

அம்மா கையில் இருந்த நோட்டை வாங்கி, அவசரமாக ஒரே ஒரு வரி எழுதி அவரிடம் கொடுத்தாள்.

'இந்த ஸ்கூல்லயும் மைக் இருக்கு சார். பேசாமலே இருந்தா எதுவும் வராதுதானே?'

அவர் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பலகையில் விடை வருவதற்குக் காத்திருப்பது போல. பயப்படாதே, பேசு, இங்கே யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எழுதத்தான் பென்சிலை வாங்கினார். அவளும் அம்மாவும் ஒருமுறை அந்த நம்பிக்கையில்தான் இருந்தார்கள். மறுபடியும் அதைக் கொடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

'வராது' என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடந்துபோனாள். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளைப் பேசு, கேள், தப்பானாலும் பரவாயில்லை சத்தமாகச் சொல் என்று பாடாய்ப் படுத்தியவர், அன்றைக்குத் தன் கையாலேயே ஒரு பிள்ளைக்குப் பேசாதே என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

கடைசி பஸ்தான் கிடைத்தது, மறுநாள் காலையில்தான் வீடு வந்து சேர்ந்தார். மனைவி கடைக்குப் போகாமல் காத்திருந்தார்.

"பாத்தீங்களா?"

உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். "பாத்தேன்."

"பேசினாளா?"

"எழுதினா," என்றார். முகம் கழுவ உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் அப்படியே நின்றார். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் வாசல்படி வரை வந்துவிட்டது. மனைவி வந்து, அவர் தோளில் கை வைத்து, குழாயை மூடினார்.